பழைய கயிற்றின் விலை

கடைத்தெருவில் ஒரே பொருளுக்கு விற்பவன் ஒரு விலையும் வாங்குபவன் ஒரு விலையும் சொல்வது உலக வழக்கு. ஆனால் ஒரே சொல், விற்பவன் வாயில் ஒரு பொருளும் வாங்குபவன் வாயில் வேறொரு பொருளும் தருமானால் அது விசித்திரந்தானே? ஆங்கிலத்தில் 'ஜங்க்' என்பது அப்படி ஒரு சொல். நாம் 'காயலான் கடைச் சரக்கு' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். சீனத்துப் பாய்க்கப்பலுக்கும் 'ஜங்க்' என்று ஒரு பெயர் உண்டு; அது ஜாவா, மலாய் மொழிகளிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த வேறு சொல்.

ஆனாலும் நம்முடைய ஜங்க்கும் கப்பலில் வாழ்ந்த சொல்தான். நைந்துபோன கப்பல் கயிற்றை ஆங்கில மாலுமிகள் அப்படி அழைத்தார்கள். பாய் கட்ட உதவாத அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிடுவார்கள். வாங்கியவர்கள் அதைப் பிரித்து நார் நாராக்குவார்கள். அந்த நாரைக் கப்பல் பலகைகளின் இடுக்கில் உளியால் அடித்துச் செருகி, மேலே கீல் பூசினால் தண்ணீர் உள்ளே வராது. பழைய கயிறு இல்லாவிட்டால் புதிய கப்பல் மிதக்காது!

அந்த நாரைப் பிரித்தவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக் கைதிகளும், கதியற்ற ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதிகளில் இருந்தவர்களும். கீல் ஏறி இறுகிய கயிற்றை வெறும் விரலால் பிரிக்கவேண்டும். விரல் நுனி கிழிந்து ரத்தம் கசியும். டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் என்ற அநாதைச் சிறுவனுக்கு விடுதியில் கிடைத்த தொழில் இதுதான். 1895-இல் கடுங்காவல் தண்டனை பெற்ற ஆஸ்கார் வைல்டின் விரல்களும் இந்த வேலையைச் செய்தன. கழித்துப் போட்ட பொருளுக்கு மதிப்புத் தந்த கைகள், கழித்துப் போடப்பட்ட மனிதர்களின் கைகள்.

கழிவுக்கு விலை உண்டென்றால் திருடனும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை தன் கயிறுகளுக்குள் அடையாளமாக ஒரு தனி இழையை வைத்துத் திரித்தது. 'போக்கிரி இழை' என்று அதற்குப் பெயர். திருட்டுக் கயிற்றை எத்தனை துண்டாக்கினாலும் அந்த இழை சாட்சி சொல்லும். பழைய கயிறு, கந்தல், எலும்பு, இரும்பு வாங்கும் கடைகள் லண்டனில் மலிந்திருந்தன. டிக்கன்ஸ் தம் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் க்ரூக் என்ற கிழவனை அப்படி ஒரு கடையில் உட்கார வைத்தார். வாங்குவதே அவன் தொழில். விற்க மனம் வராது. தலைமுறை தலைமுறையாக நடந்த சொத்து வழக்கைத் தீர்க்கக்கூடிய உயில் அவனுடைய காகிதக் குவியலிலேயே கிடந்தது. அது வெளிப்படுவதற்குள் வழக்குச் செலவே சொத்தை விழுங்கிவிட்டது.

இதுவரை 'ஜங்க்' என்று சொன்னவன் விற்றவன். 'எனக்கு இது உதவாது, உனக்கு உதவுமானால் எடுத்துக்கொள்' என்ற நேர்மை அதில் இருந்தது. சொல் வாங்கியவன் வாய்க்கு மாறியதும் பொருளும் மாறிற்று. கப்பலில் மாதக்கணக்காகப் பீப்பாயில் கிடந்த உப்பு மாட்டிறைச்சியைத் தின்ற மாலுமிகள், கயிற்றைப்போல் கடித்து இழுக்க வேண்டியிருந்ததால் அதற்கும் 'ஜங்க்' என்று பெயரிட்டார்கள். கொடுத்தவன் இறைச்சி என்றுதான் கொடுத்தான்.

அமெரிக்கப் பணச்சந்தையில் 1980-களில் இந்தச் சொல் கோட்டும் சூட்டும் அணிந்து வந்தது. கடனைத் திருப்பித் தருமா என்று ஐயத்துக்குரிய கம்பெனிகளின் பத்திரங்களை 'ஜங்க் பாண்டு' என்றார்கள். விற்றவர்களோ 'அதிக வருமானப் பத்திரம்' என்று அழகாகச் சொன்னார்கள். இந்த வியாபாரத்தின் மன்னரான மைக்கேல் மில்கன், பங்குச் சந்தைச் சட்டங்களை மீறியதாக 1990-இல் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அவர் வேலை பார்த்த ட்ரெக்ஸல் கம்பெனி அதே ஆண்டு திவாலாயிற்று.

நம் ஊர்க் காயலான் கடையின் பெயரிலும் கடற்காற்று வீசுகிறது. காயல்பட்டினத்து வணிகர்களை வைத்து வந்த பெயர் என்பார்கள். இங்கே மூன்றாவது வழக்கு ஒன்று உண்டு: வாங்குகிறவன் வாங்குமுன்பே சொல்வது. 'வெறும் பழைய பேப்பர்தானே அம்மா!' என்று தராசைத் தூக்கும்போதே விலை பாதி இறங்கிவிடும். அதே காகிதம் புத்தகமாக இருந்து, சென்னையில் 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அங்கே அதை யாரும் நிறுத்து விற்கமாட்டார்கள். புதுப் புத்தகம் வாங்க வகையில்லாத மாணவன் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப்போய்ப் பரீட்சைக்குப் படித்திருப்பான்.