பள்ளிக்கூடக் கட்டடத்தில் பிறந்த தடுப்பூசி



உண்ணிக் காய்ச்சல் பற்றிச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். "முதல் வாரம் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்களே, ஏன் ஐயா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு பழைய வரலாற்றிலிருந்து விடை சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிட்டர்ரூட் என்றொரு பள்ளத்தாக்கு. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வசந்த காலம் வந்தாலே மக்களுக்குப் பயம். கடுங்காய்ச்சல், தலைவலி, பிறகு உடம்பெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள். 'கறுப்புத் தட்டம்மை' என்றார்கள். ஆற்றின் மேற்குக் கரையில் இது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. மலைப்பனி உருகிவரும் தண்ணீர்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள்.

1906-இல் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற மருத்துவர், உண்ணி கடித்தே இந்நோய் பரவுகிறது என்பதைக் கினிப்பன்றிகளில் காட்டினார். நோயிலிருந்து பிழைத்த கினிப்பன்றிக்கு மறுபடி நோய் வரவில்லை என்பதையும் கண்டார். அதாவது, உடம்பு பகைவனை நினைவில் வைத்திருக்கிறது. 1910-இல், மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அதே காய்ச்சலுக்கு அவர் பலியானார். இக்கிருமிகளுக்கு 'ரிக்கெட்சியா' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். உண்ணியின் எச்சில் வலியையும் அரிப்பையும் அடக்கிவிடும். அதனால் கடித்ததே தெரியாது. உள்ளே போன கிருமி, ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. தோலில் புள்ளிகள் வருவது அதனால்தான். செல்லுக்குள் ஒளிந்தவனை ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடியால் எளிதில் பிடிக்க முடியாது. நோய் பிடித்த செல்லையே தேடி அழிக்கும் 'டி' செல்கள் வேண்டும். இந்தப் படையெல்லாம் திரளச் சில நாட்கள் ஆகும். ஆன்டிபாடி பரிசோதனையில் தெரியும் அளவுக்குச் சேர ஒரு வாரத்துக்கு மேலாகலாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

அந்த நினைவை முன்கூட்டியே உடம்புக்குக் கொடுத்துவிட்டால்? 1920-களின் தொடக்கத்தில் ஹாமில்டன் ஊருக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ரால்ஃப் பார்க்கரும் ரோஸ்கோ ஸ்பென்சரும் அந்த வேலையில் இறங்கினார்கள். இரை எடுக்காத குளிர்கால உண்ணியை அரைத்துச் செலுத்தினால் கினிப்பன்றிக்கு நோய் வரவில்லை, எதிர்ப்பு சக்தி மட்டும் வந்தது. அதே உண்ணி ரத்தம் குடித்த பிறகு செலுத்தினால் கினிப்பன்றி இறந்தது. பசியில் கிருமி உறங்குகிறது, ரத்தம் கிடைத்ததும் விழிக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். கிருமி பெருகிய உண்ணிகளை அரைத்து, பீனால் கலந்து கிருமியைச் செயலிழக்கச் செய்து தடுப்பூசி தயாரித்தார்கள். 1924-இல் ஸ்பென்சர் அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆய்வுக்கூட ஊழியர்கள் சிலர் இதே நோயில் மாண்டார்கள். 1928-இல் புதிய கட்டடம் எழும்பியபோது, உண்ணி தப்பி வந்துவிடும் என்று ஊரார் எதிர்த்ததால், கட்டடத்தைச் சுற்றி அகழி வெட்டினார்கள்! தடுப்பூசி போட்டவர்களுக்கும் சில வேளை காய்ச்சல் வந்தது. ஆனால் பெரும்பாலும் உயிர் தப்பினார்கள். 1940-களின் இறுதியில் ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தபின் அந்த ஊசியின் தேவை குறைந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ், அந்த நோய்க்குப் பங்காளி. அதைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம் புழு. அந்தக் கிருமியும் செல்லுக்குள்தான் ஒளிகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை, நல்ல மருந்து உண்டு. எனவே காய்ச்சல் விடாமல் அடித்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்குகளில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். வயல், தோட்டம், புதர்க்காடு போய்வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வரும் முன்பே அவர் மருந்து தொடங்கினால் தடுக்காதீர்கள். உடம்பு படை திரட்டும் வரை மருந்தைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். நலமாக இருங்கள்.