எட்டாம் மாதத்து மூச்சு

என் அக்கா 1983இல், பெரம்பலூர் பக்கத்து எங்கள் ஊரில், எட்டாம் மாதத்தில் பிறந்தாள். விலா உள்வாங்க, முனகி முனகி மூச்சு இழுத்தவள் இரண்டாம் நாள் அடங்கிவிட்டாள். “எட்டாம் மாசப் பிள்ளை தங்காது” என்றார்கள். வெங்காயக் காட்டில் அம்மா குனிந்து வேலை செய்ததால்தான் என்று அப்பாயி கடைசிவரை சொன்னார். அந்தக் கூலி இல்லாவிட்டால் வீட்டில் உலை ஏறியிருக்காது என்பதை யாரும் சொல்லவில்லை.

விலங்கியல் படிக்கப் போனபோதுதான் அந்த மூச்சின் வரலாறு எனக்குத் தெரிந்தது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகளை ஒட்டிக்கொள்ளாமல் விரித்துவைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதிய அளவு இருப்பதில்லை. இதை 1959இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து கண்டறிந்தவர் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர்.

அதைச் சீக்கிரம் சுரக்கவைக்க முடியுமா? விடையின் நுனி எலியின் குடலில் இருந்தது. அட்ரீனல் சுரப்பியின் ஸ்டீராய்டு ஹார்மோன் பால்குடி எலிக்குஞ்சின் குடலை முன்கூட்டியே முதிரவைப்பதை 1950களில் ஃபுளோரன்ஸ் மூக் காட்டியிருந்தார். நுரையீரலும் அப்படித்தானா என்று 1968இல் சூ பக்கிங்ஹாம் குழுவினர் முயல் கருக்களில் தேடினார்கள். அடுத்த ஆண்டு, ஸ்டீராய்டு பெற்ற ஆட்டுக்குட்டிகள் குறைமாதத்திலும் மூச்சு விடுவதை நியூசிலாந்தில் லிக்கின்ஸ் பதிவுசெய்தார். அவரும் ஹோவியும் 282 தாய்மார்களிடம் நடத்திய சோதனை 1972இல் வெளிவந்தது. ஊசி தாய்க்கு, பலன் குழந்தையின் நுரையீரலுக்கு. தானாக வலி கண்டவர்களில், ஊசி பெறாத தாய்மார்களின் குழந்தைகளில் 15 சதவீதம் பிறந்த சில நாட்களில் இறந்தன. பெற்றவர்களின் குழந்தைகளில் 3.2 சதவீதம்.

ஆனாலும் மருத்துவ உலகம் தயங்கியது. சிதறிக் கிடந்த சோதனைகளை அயர்லாந்தின் பட்ரிசியா குரோலி ஒன்றுதிரட்டிக் காட்டினார். 1994இல்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மாநாடு இந்த ஊசியைப் பரிந்துரைத்தது. இந்திய அரசின் வழிகாட்டுதல் 2014இல் வந்தது: 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால் டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராமத்துச் செவிலியரே போடலாம். பிறந்த பிறகு பிள்ளையைக் கவனிக்கும் வசதியும் வேண்டும். ஊசி மட்டும் போதாது.

2017இல் அரியலூரில் என் அண்ணிக்கு எட்டாம் மாதத்தில் வலி வந்தது. முதல் ஊசியைப் போட்டுத்தான் செவிலியர் திருச்சிக்கு ஏற்றிவிட்டார். பிள்ளை பிழைத்தான்.

அவனை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்: “இந்த ஊசி அப்பவே இருந்துச்சா பாப்பா?”

“அக்கா பொறக்கறதுக்குப் பதினோரு வருசம் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்கம்மா.”

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போ நான் குனிஞ்சதால இல்ல” என்றார்.