தோட்டத்து அடுக்களையும் நாயின் நிறையுணவும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் நாயே முற்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஆவும் ஆடும் மனையை அடையுமுன், உழவுத் தொழில் தோன்றுமுன், வேட்டுவன் மூட்டிய தீயருகே நாய் வந்து அமர்ந்துவிட்டது. செருமனி நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசெல் என்னுமிடத்தில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணோடும் ஒரு பெண்ணோடும் ஒருங்கே புதைக்கப்பட்ட நாய்க்குட்டியின் எலும்புகள் கிடைத்துள்ளன. அதன் பற்களை ஆராய்ந்தோர், அக்குட்டி கொடிய நோயால் பல வாரம் நலிந்திருந்ததென்றும், மனிதர் பேணியிராவிடின் அத்துணை நாள் உயிர் தரித்திராதென்றும் 2018இல் எழுதினர். வேட்டைக்குதவாத நோயுற்ற குட்டிக்கு யாரோ ஒருவர் உணவும் நீரும் ஊட்டியிருக்கின்றார். மனிதனுக்கு நாய் செய்த தொண்டினைப் பலரும் பாராட்டியுளர். நாய்க்கு மனிதன் இட்ட உணவு யாது, அது அதன் உடலுக்குப் போதியதா என்னும் வினாவோ வரலாற்று நூல்களில் அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவை டிக்கோயாத் தோட்டப்புறத்தை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை மரபு

தமிழர் நாயைச் சிறப்பித்தமைக்குக் கல்லே சான்று பகர்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட நடுகல் ஒன்றுண்டு. ஆநிரை காத்துப் பட்ட வீரனோடு அவன் நாயும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல்நின்றது என்பதும் அக்கல்வெட்டாற் பெறப்படும் செய்திகள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒரு நாயின் பெயரைக் கல்லிற் பொறித்து வைத்த சமுதாயம் அதனை ஏவற் கருவியாக மட்டும் எண்ணியிருக்க முடியாது.

இல்லறத்தான் நாடோறும் ஆற்றவேண்டிய ஐவகை வேள்விகளுள் பூத வேள்வியும் ஒன்று. காக்கைக்கும் எறும்புக்கும் நாய்க்கும் உணவிற் பங்கிடுதல் அதன் கூறாகும். சுவர்க்கத்தின் வாயில் வரை தன்னைத் தொடர்ந்த நாயைக் கைவிட்டு உட்புக மறுத்த தருமன் கதையை அறியாதார் நம்மவருள் இலர். எனவே நாய்க்குச் சோறிடல் அறம் என்பது நம் மரபில் ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றது. எனினும் அவ்வறம் பங்கிடுதலைச் சொல்லிற்றேயன்றிப் பங்கின் தன்மையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அக்காலத்தில் எழவில்லை. வீட்டார் இட்ட சோற்றோடு, வயலெலியும் முயலும், வேட்டையிற் கிடைத்த குடலும் எலும்பும் நாயின் குறையை நிரப்பின.

சோறுண்ணும் ஆற்றலும் நாய்க்கு இயற்கையில் வாய்த்ததே. மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயினும் நாயிற் பன்மடங்கு மிகுந்துள்ளமையைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2013இல் வெளிப்படுத்தினர். நம் முன்னோரின் அடுக்களை மிச்சமே ஓநாயின் வழித்தோன்றலைச் சோறுண்ணியாக மாற்றிற்றுப் போலும். ஆயினும் சோற்றைச் செரித்தல் வேறு, சோற்றால் மட்டும் வாழ்தல் வேறு. இவ்வேறுபாடு மலைநாட்டில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதை இனிக் காண்போம்.

மலைநாட்டில் இரு அடுக்களைகள்

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், மரை வேட்டைக்கென இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களைக் கொணர்ந்தார். அவற்றுட் பல இம்மலைக் காட்டு வேட்டைக்கு ஈடுகொடாமல் மடிந்தன. அவர் தம் வேட்டை அனுபவங்களை எழுதிய நூல் 1850களில் வெளிவந்தது. அவரைத் தொடர்ந்து கோப்பித் துரைமார் காடழித்து மேன்மேலும் மலையேறினர். டிக்கோயாவும் கோப்பியாலேயே திறக்கப்பட்ட நிலம். 1868இல் டிக்கோயா மஸ்கெலியாக் கிரிக்கெட் கழகம் தோன்றியமையும், 1878இல் வார்லித் தேவாலயம் எழுந்தமையும் அவர்கள் இங்கு ஊன்றிய வேரைக் காட்டுவன. 1867இல் லூல்கந்துரையில் யேம்சு டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றியது. பின்வந்த இருபதாண்டுகளுள் டிக்கோயா தேயிலை நாடாயிற்று.

இம்மலையிற் காடழித்தவரும் கொழுந்து கொய்தவரும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்த நம் மக்கள். துரையின் பங்களாவிலும் நாய் வளர்ந்தது. தொழிலாளரின் லயத்து வாயிலிலும் நாய் வளர்ந்தது. எந்த அடுக்களையைச் சார்ந்ததோ அவ்வடுக்களையின் மிச்சமே அதன் உணவு. பங்களாவில் இறைச்சி வெட்டப்பட்டது. அங்குள்ள நாய்க்கு எலும்பும் சாறும் கிடைத்தன. லயத்திலோ, தோட்ட நிருவாகம் அளந்து கொடுத்துக் கூலியிற் கழித்துக்கொண்ட அரிசியே உணவின் பெரும்பகுதி. அவ்வரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. பின்னாளில் அரிசி அருகிய காலங்களில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் அவ்விடத்தைப் பிடித்தன. லயத்து நாயின் சிரட்டையில் விழுந்ததும் அச்சோறும் அவ்ரொட்டித் துண்டுமே. ஆகவே நாயின் உணவை ஆராய்பவன் அதனை வளர்த்த குடும்பத்தின் உணவையும் ஆராய்ந்தே தீரவேண்டும். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது என்பதை நினைவிற் கொள்வோர்க்கு இது நன்கு விளங்கும்.

இதே காலத்தில் மேனாட்டில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. யேம்சு சிப்பிராட் என்னும் அமெரிக்கர் 1860ஆம் ஆண்டையடுத்து இலண்டனில், கோதுமை மா, காய்கறி, இறைச்சி முதலியவற்றைச் சேர்த்து நாய்களுக்கென மாச்சில் செய்து விற்கத் தொடங்கினார். நாயின் உணவு அடுக்களையை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்ற வரலாறு இங்கே தொடங்குகின்றது. ஆயினும் எவ்வுணவு நிறைவுடையது என்பதை அம்மாச்சில் விற்றோரும் அன்று அறிந்திலர். அவ்வறிவு வேறு வழியாக வந்தது.

நாய்கள் கற்பித்த பாடம்

சாவகத் தீவில் பத்தேவியா நகரில், கிறித்தியான் எயிக்மான் என்னும் ஒல்லாந்த மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில மாதங்களின் பின் தாமே தேறின. காரணம் வினவியபோது, இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறே அக்கோழிகளுக்கு இடப்பட்டதென்றும், புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்த பின்னரே அவை தேறினவென்றும் தெரியவந்தது. தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று உயிருக்கு இன்றியமையாதது என்னும் உண்மைக்கு அது வழிகாட்டிற்று. அதுவே பின்னர்த் தயமின் எனப் பெயர்பெற்றது. எயிக்மான் 1929இல் நோபல் பரிசு பெற்றார். வயிறு நிறைய மிச்சச் சோறு உண்டும் உயிர் நலியும் என்பதை உலகிற்கு முதலிற் காட்டியவை இக்கோழிகளே.

அடுத்து வந்த பாடங்களை நாய்களே கற்பித்தன. இலண்டனில் எட்வர்ட் மெலன்பி, தானியக் கஞ்சியை முதன்மையாகக் கொண்ட உணவால் நாய்க்குட்டிகளின் எலும்பு மென்மையுற்றுக் கால் வளைவதையும், மீனெண்ணெய் அதனைத் தடுப்பதையும் 1919இல் வெளியிட்டார். குழந்தைகளின் றிக்கற்சு நோய்க்கு அதனால் வழி பிறந்தது. சோர்ச்சு விப்பிள் என்பார் குருதி குன்றிய நாய்களுக்கு ஈரல் ஊட்டி அவை தேறுவதைக் கண்டு, 1934இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். சோளத்தையே உண்டு வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகளை வாட்டிய பெலக்றா நோய்க்கு ஒப்பானது நாயின் கருநாக்கு நோய். 1937இல் கொன்ராட் எல்வியம் நியாசினால் அந்நாய்களைக் குணப்படுத்த, மனிதருக்கும் மருந்து கிடைத்தது. இன்று நம் குழந்தைகளுக்கு மீனெண்ணெயும் ஈரலும் பரிந்துரைக்கும் மருத்துவர், பெயரறியாத பல நாய்களுக்குக் கடன்பட்டவராவர்.

டிக்கோயாவை ஒத்த மற்றொரு தேயிலை மலையிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. நீலகிரிக் குன்னூரில் நாய்க்கடி நோய்க்கு மருந்து செய்ய 1907இல் பாசுத்தர் நிலையம் தொடங்கப்பெற்றது. அந்நிலையத்தின் ஓர் அறையில் 1918இல் றொபேட் மக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை அவர் எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த வடபுலத்து உணவுண்டவை செழித்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாணத்து உணவுண்டவை மெலிந்தன. நம் தாய்மார் நெல்லை அவித்துக் குற்றும் வழக்கத்தின் சிறப்பும் இவ்வகை ஆய்வுகளால் விளங்கிற்று. அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உட்புறம் ஊறுவதால், புழுங்கலரிசி தீட்டிய பச்சரிசியினும் தயமின் மிகுந்ததாகின்றது. அவ்வோரறை ஆய்வே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இந்தியத் தேசியப் போசாக்கு நிலையமாயிற்று.

இன்றைய தோட்டத்து அடுக்களையில்

இவ்வரலாற்றை அறிந்தபின், வீட்டிற் சமைத்து நாயை வளர்க்க விழைவோர் செய்யத்தக்கது யாது? 2022இன் விலையேற்றத்திற்குப்பின், பொதியுணவை விட்டு அடுக்களையை நாடினோர் பலர். அவர்கள் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டேவிசு வளாகத்தார் 2013இல் நாய்க்கான 200 வீட்டுச் சமையற் குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 95 விழுக்காட்டில் ஒரு சத்தேனும் குறைந்திருந்தது. மருத்துவர் எழுதிய குறிப்புகளும் அவற்றுள் அடங்கும்.

10 கிலோ எடையுள்ள, நோயற்ற, வளர்ந்த நாயொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 கிலோக் கலோரி வேண்டும். வெந்த சோறு 200 கிராம், எலும்பு நீக்கி அவித்த கோழியிறைச்சி 150 கிராம், கோழி ஈரல் 15 கிராம், வெந்த கரட், பூசணி, போஞ்சி ஆகியவை சேர்ந்து 80 கிராம், எண்ணெய் ஒன்றரைத் தேக்கரண்டி என்னும் இவை அவ்வளவினை ஏறக்குறையத் தரும். இறைச்சிக்கு ஈடாகச் சில நாள் முட்டையோ மீனோ சேர்க்கலாம். மீனை அவித்தே கொடுக்கவேண்டும். பச்சை மீன் சிலவற்றில் தயமினை அழிக்கும் பொருளுண்டு. நெத்தலிக் கருவாடாயின் நீரில் நெடுநேரம் ஊறவைத்து உப்பகற்றுதல் நன்று.

இவ்வுணவின் பெருங்குறை கல்சியமே. இறைச்சியிற் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. உடலுக்கு வேண்டுவதோ, பொசுபரசு ஒரு பங்காயின் கல்சியம் ஒன்று முதல் இரண்டு பங்கு. அது நெடுநாட் குறைந்தால் எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து, தாடையும் காலும் வலுவிழக்கும். முட்டைக் கோதை அவித்து உலர்த்தி நுண்ணிய தூளாக்கி, மேற்கூறிய உணவோடு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி சேர்த்தல் எளிய வழி. வெந்த எலும்பு அதற்கு ஈடாகாது. அது கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். நாகம், அயடீன், விற்றமின் டி, விற்றமின் ஈ ஆகியன இதன்பின்னும் குறையும். நாயின் தோல் வெயிலைக் கொண்டு விற்றமின் டியைப் போதிய அளவு ஆக்குவதில்லை. ஆதலின் கால்நடை மருத்துவர் குறிக்கும் கலவையைச் சேர்த்தே ஆகவேண்டும். குட்டிக்கும், சினையுற்ற நாய்க்கும், சிறுநீரக நோயுள்ள நாய்க்கும் மேற்கூறிய அளவு பொருந்தாது.

விலக்கத்தக்கனவும் உள. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிப்பன. வேகவைத்தலால் அந்நஞ்சு நீங்காது. நுவரெலியாத் தோட்டங்களிற் செழிக்கும் லீக்சும் அவ்வினத்ததே. எனவே காய்கறி நறுக்குவோர் அதனை நாயின் பங்கிற் கலத்தலாகாது. முந்திரிகை வற்றலும் சொக்கிலேற்றும் தீங்கு. நம் மலையின் செல்வமாகிய தேயிலையும், அதிலுள்ள கபீனால், நாய்க்கு ஒவ்வாதது. பாலூற்றிய தேநீரில் ரொட்டியைத் தோய்த்து இடும் வழக்கம் கைவிடத்தக்கது.

முடிபு

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்றும் போதிய போசாக்கின்றி வளர, நாயின் சமநிலை உணவைப் பற்றிப் பேசுதல் தகுமோ என வினவுவார் உளர். வினா நேர்மையானது. வரலாறு அதற்கு விடை தருகின்றது. சோற்றால் மட்டும் வயிற்றை நிரப்பிய வறுமையே கோழியையும் நாயையும் குழந்தையையும் ஒருங்கே நலிவித்தது. ஒன்றினுக்குக் கண்ட மருந்தே மற்றையவற்றுக்கும் பயன்பட்டது. முட்டையும் ஈரலும் மீனும் காய்கறியும் வாராத அடுக்களையில் நாய்க்கு நிறையுணவு அமையாது. அங்குப் பிள்ளைக்கும் அமையாது. பிள்ளைக்கு அவை வந்துவிட்ட வீட்டில் நாயின் பங்குக்குப் பெருஞ்செலவும் இல்லை. கறிக்கு வெங்காயமும் மிளகாயும் உப்பும் சேருமுன், அதே பானையிலிருந்து ஒரு பங்கை எடுத்துவைத்தாற் போதும்.

ஆகவே தோட்டப் பள்ளிகளில் உடனலம் கற்பிக்கும் ஆசிரியர், மாணவர் தம் வீட்டு நாயின் உணவையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தன் நாய்க்குச் சோறு மட்டும் போதாது என்பதை எண்ணிக் கணக்கிட்டு அறிந்த சிறுவன், தன் தம்பிக்கும் அது போதாது என்பதைத் தானே உணர்வான். பூத வேள்வி வகுத்த முன்னோர் பங்கிடக் கற்பித்தனர். அப்பங்கு நிறைவுடையதாக இருத்தல் வேண்டும் என்பதைச் சேர்த்துக் கற்பித்தல் நம் காலத்தார் கடன்.