டைனமோ வெளிச்சம்

சைக்கிளில் விளக்கு இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும் என்றால் இன்றைய பையன்கள் சிரிப்பார்கள். 'டபுள்ஸ்', 'லைட் இல்லை' - இந்த இரண்டு குற்றங்களுக்கும் பயந்த காலம் ஒன்று இருந்தது. தூரத்தில் போலீஸ் தலை தெரிந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். நடக்கிறவனுக்கு விளக்கு எதற்கு?

முதலில் வந்தது எண்ணெய் விளக்கு. பள்ளத்தில் இறங்கினால் அணைந்துவிடும். 1890-களில் கால்சியம் கார்பைடை ஆலைகளில் தயாரிக்க ஆரம்பித்ததும் கார்பைடு விளக்கு வந்தது. (திருட்டுத்தனமாக மாம்பழம் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்தான்!) மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழ, அசிட்டிலின் வாயு கிளம்பி எரியும். பளிச்சென்ற வெளிச்சம், நாற்றமும் இலவசம்.

பிறகு டைனமோ. திருச்சியில் இதற்கு மவுசு இருந்ததில் ஆச்சரியமில்லை. 1928-ல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. எடமலைப்பட்டி புதூர் பக்கமிருந்து பொன்மலைக்குப் போய்வரத் தொழிலாளிக்கு வாகனம் என்றால் சைக்கிள்தான். டயரில் உரசி ஓடும் அந்தக் குட்டிப் புட்டி கொடுப்பது 6 வோல்ட், 3 வாட். முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6. இன்றைய கணக்கில் 30 லூமென் தேறினால் அதிகம். மிதித்தால் பிரகாசம், சளைத்தால் மங்கல், நின்றால் கும்மிருட்டு! நாளெல்லாம் உழைத்துவிட்டு காலில் தெம்பில்லாமல் திரும்புகிறவனுக்குத்தான் வெளிச்சமும் குறைவு. மதுரை ரோட்டில் வலது பக்கம் திரும்ப, லாரி போகட்டும் என்று நிற்பான். சரியாக அந்த நேரத்தில், அடுத்தவன் கண்ணில் பட வேண்டிய நேரத்தில், விளக்கு அணைந்திருக்கும்.

1993-ல் ஜப்பானில் நகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார், அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி. பிறந்தது. 2014-ல் இன்னும் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு. இப்போது 1000 லூமென் சைக்கிள் விளக்கே கடையில் கிடைக்கிறது. பிரச்னை தலைகீழ்... எதிரே வருகிறவருக்குக் கண் கூசுகிறது!

லூமென் என்பது விளக்கு கக்கும் மொத்த வெளிச்சம். அது எங்கே விழுகிறது என்பது வேறு கதை. 2013 வரை சைக்கிளுக்கு டைனமோவைக் கட்டாயமாக்கி வைத்திருந்த ஜெர்மனியில், வெளிச்சம் ரோட்டில்தான் விழ வேண்டும், எதிராளியின் கண்ணில் அல்ல என்று சட்டமே உண்டு. தெருவிளக்கு எரிகிற ரோட்டுக்கு 200 லூமென் தாராளம். ஊருக்கு வெளியே இருட்டில் போகிறீர்களா? 400, 500 இருக்கட்டும், விளக்கின் முகத்தைக் கொஞ்சம் கீழே திருப்பி வையுங்கள். முன்விளக்குக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் பின்னால் ஒரு சிவப்பு விளக்கை மறந்துவிடுகிறார்கள். லாரி அந்தப் பக்கமிருந்தும் வருகிறது.