சங்கிலி அடித்த மங்கையர்

வீட்டிலிருந்தே வேலை செய்தால் கூலி கூடுமா, குறையுமா? கணிப்பொறியின் முன் அமர்ந்து பணிபுரிவோர் இன்று இவ்வாறு கேட்கின்றனர். ஆனால், இது பழைய கேள்வி. இதற்கு விடை தேடி, மாணவ நேயர்களை 1910ஆம் ஆண்டின் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பர்மிங்காம் நகருக்கு மேற்கே கிராட்லி ஹீத் என்றோர் ஊர் உண்டு. கப்பல்களுக்குரிய பெருஞ்சங்கிலிகளை ஆடவர் தொழிற்சாலைகளில் செய்தனர். சிறு சங்கிலிகளைப் பெண்டிர் தம் வீட்டுப் பின்புறத்துக் கொட்டில்களில் அடித்தனர். கைக்குழந்தை பெட்டியில் உறங்க, தாய் அதனருகே உலையில் இரும்பைக் காய்ச்சுவாள். தரகர் இரும்புக் கம்பியைக் கொடுத்துச் சங்கிலியை எடை போட்டு வாங்குவார். உலைக்கரியின் செலவு அவளைச் சார்ந்தது. வாரத்தில் ஐம்பது மணிக்கு மேல் உழைத்தும் ஐந்து ஷில்லிங் கிடைப்பதே அரிது. கூலி போதாது என்று ஒருத்தி சொன்னால், கம்பி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீட்டாள் என்ன கூலி பெறுகிறாள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

1906இல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சி, இத்தகைய வீட்டுத் தொழிலாளரின் அவலத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியது. 1909இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நான்கு தொழில்களுக்குக் கூலிக் குழுக்களை அமைக்கச் சட்டம் இயற்றியது. சங்கிலித் தொழில் அவற்றுள் ஒன்று. மணிக்கு இரண்டரைப் பென்னி என்று குழு விதித்தது. 54 மணி நேரம் கொண்ட வாரத்திற்கு அது 11 ஷில்லிங் 3 பென்னி ஆகும். பழைய கூலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு!

ஆனால், சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. தொழிலாளி எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் பழைய கூலியே நீடிக்கலாம். முதலாளிகள் பலர் அத்தகைய தாள்களை நீட்டினர். எழுத்தறியாப் பெண்டிர் பலர், பொருள் விளங்காமலே அவற்றில் அடையாளமிட்டனர். அப்போது மேரி மக்கார்தர் என்னும் தொழிற்சங்கத் தலைவி அங்கே வந்தார். ஏறத்தாழ 800 பெண்கள் உலைகளை அணைத்துவிட்டுத் தெருவில் கூடினர். அவர்களுள் 79 வயது மூதாட்டியும் ஒருவர். நாடெங்கும் இருந்து ஏறக்குறைய 4,000 பவுன் நன்கொடை திரண்டது. பத்து வாரப் போராட்டத்திற்குப்பின், அக்டோபர் மாதத்தில் முதலாளிகள் அனைவரும் இணங்கினர். எஞ்சிய நிதியைக்கொண்டு தொழிலாளர் மன்றம் ஒன்றையும் 1912இல் எழுப்பினர்.

இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. வெற்றிக்குப் பின்னரும் அப்பெண்கள் அதே கொட்டில்களில்தான் சங்கிலி அடித்தனர். இடம் மாறாமலே கூலி உயர்ந்தது. எனவே, கூலியைத் தாழ்த்தியது வீடு அன்று. வீட்டுக்குள் அவர்களைச் சூழ்ந்திருந்த தனிமையே.

நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் நம் தாய்மாரின் நிலையும் இதை ஒத்ததே. இலையும் தூளும் ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்காகும். 1966இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே வகுத்தது. 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டில் உழைப்போரும் ஏனையோரும் சமமாக நடத்தப்பட வேண்டுமென ஓர் உடன்படிக்கையை ஏற்றது.

மாணவ நண்பர்களே! நாளை உங்களுள் பலர் வீட்டிலிருந்தே பணியாற்றக்கூடும். அன்று உங்கள் ஊதியத்தை மட்டும் எண்ணிப் பாராமல், அதே பணியைச் செய்யும் பிறர் பெறுவதையும் கேட்டறியுங்கள். கிராட்லி ஹீத் பெண்டிர் உலையை அணைத்துத் தெருவுக்கு வந்தபோது முதன்முதலில் பெற்ற பயன் அவ்வறிவே.