மென்பொருள் பொறியியலில் முறைசார் ஆய்வு வரைபடம்

ஒரு துறையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை, முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி தேடி, சலித்து, வகைபிரித்து, எது எங்கே குவிந்திருக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று காட்டும் முறை இது. மருத்துவத்தில் வேரூன்றிய சான்றுவழி நோக்கை மென்பொருளுக்கும் கொண்டுவர வேண்டும் என்று பார்பரா கிச்சன்ஹாமும் அவருடன் எழுதியவர்களும் 2004இல் வாதிட்டனர். அந்த மருத்துவ மரபு தமிழகத்துக்கு அயலானதன்று. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மீளாய்வு செய்யும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் அமைந்தது. ஆனால் மருத்துவத்தைப் போலன்றி, மென்பொருள் ஆய்வுகளில் ஒப்பிட்டுக் கூட்டத்தக்க சோதனை முடிவுகள் குறைவு. ஆகவே விடை தேடுவதற்கு முன் நிலத்தை அளப்போம் என்று, 2008இல் காய் பீட்டர்சன் குழுவினர் இந்த வரைபட முறைக்கு வழிகாட்டி எழுதினர்.

இதன் வலிமை எண்ணிக்கையில் இல்லை, குறுக்குக் கட்டத்தில் இருக்கிறது. கட்டுரை எதைப் பற்றியது என்பது ஒரு முகம். எவ்வகை ஆய்வு என்பது இன்னொரு முகம். முகங்களாகப் பகுக்கும் சிந்தனையை நூலகவியலில் நிலைநாட்டியவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டன் கடையொன்றில், பாகங்களைக் கோத்து உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டபோதே தமக்கு இந்தப் பொறி தட்டியது என்பார். 1933இல் அவரது கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. நூல்களை ஒரே வரிசையில் அடுக்கினால் இல்லாத நூல் கண்ணில் படாது. இரு முகங்களைக் குறுக்கே வைத்தால் காலிக் கட்டம் தானே தெரியும். புதிய கருவியை முன்வைக்கும் கட்டுரைகள் ஏராளம், அதைத் தொழிற்சாலையில் சோதித்தவை சொற்பம் என்ற நிலை இப்படித்தான் வெளிப்படுகிறது.

தலை எண்ணுவது ஆய்வாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுரையின் தரத்தை வரைபடம் ஆழமாக எடைபோடுவதில்லை என்பது மெய்தான். அது அடுத்துவரும் மீளாய்வின் வேலை. காலிக் கட்டம் எல்லாம் ஆராயத் தக்கதும் அல்ல. கேட்கவே தகாத கேள்வியும் காலியாகத்தான் கிடக்கும். இவற்றைவிடக் கனமான தடை 2013இல் வந்தது. மென்பொருள் தயாரிப்பு வரிசைகளின் சோதனை பற்றித் தனித்தனியே வரையப்பட்ட இரு வரைபடங்களை கிளாஸ் வோலின் குழுவினர் ஒப்பிட்டபோது, அவை திரட்டிய கட்டுரைகளும் வகைபிரித்த விதமும் ஒத்துப்போகவில்லை. இதனால் முறையே பொய்த்துவிடவில்லை: தேடுசொல்லும் விதியும் எழுதப்பட்டிருந்ததால்தான் வேறுபாடு எங்கே நுழைந்தது என்று துருவ முடிந்தது. வழக்கமான முன்னுரை ஒன்றில் விடுபட்ட கட்டுரையை யார் தேடப்போகிறார்கள்? மறு ஆண்டே, மேற்கோள்களைப் பின்தொடர்ந்து தேடும் 'பனிப்பந்து' முறைக்கு வோலின் நெறிகள் வகுத்தார். 2015இல் பீட்டர்சனும் தம் பழைய வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டார்.