பழவேற்காட்டு மீனவ ஊர்கள்: தகராறு தடுப்பும் மன ஆதரவும்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் இளைஞர்களிடையே பகையும் கைகலப்பும் முற்றாமல் தடுக்க ஊரார் வைத்திருந்த ஏற்பாடுகளும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரைக்கு வந்த சமூக மனநலப் பணிகளும் இப்பதிவில் அடங்கும். ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்கோடி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

தொடக்கம்

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தனர். அக்கால ஆவணங்கள் பெரும்பாலும் துணி வணிகத்தையும் அடிமை வணிகத்தையும் பற்றியே பேசுகின்றன; ஊரார் தகராறு தீர்த்த விதத்தைப் பற்றி அல்ல.

பாடு முறை

தகராறு தடுப்பைப் பொறுத்தவரை ஏரியின் சொந்த ஏற்பாடு பாடு முறையே. ஏரியில் கழி நட்டுக் கட்டும் இறால் வலைக்கு நீரோட்டம் வேண்டும். அது நன்றாக ஓடும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே. எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனால் அடிதடிதான். ஆகவே எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்தார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை மோசமான இடம் வரலாம். யார் மீதும் குறை சொல்ல முடியாது. கோபம் எழுமுன்பே அதற்குக் காரணத்தை இல்லாமலாக்கும் இந்த எளிய உத்தி, பின்னாளில் வந்த பல திட்டங்களைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்று சொல்லத் தோன்றுகிறது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் இதை ஒத்த முறையில் சீட்டுப் போட்டு இறால் வலைக்கு இடம் பிரித்துக்கொண்டன. அங்கே அரசு விதிகளும் அதற்குத் துணைநின்றன.

முறையின் வயதைப் பற்றி ஒத்த கருத்தில்லை. பல தலைமுறைப் பழமை என்பது ஊர் வழக்கு. விரிவான எழுத்துப் பதிவு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. செபாஸ்டியன் மேத்யூ எழுதி, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1991இல் வெளியிட்ட ஆய்வு கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களின் நடைமுறையை விளக்குகிறது. பட்டினவர் சமூகத்தில் மணமான ஆணே ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் பாட்டில் பங்கு. மணமாகாத இளைஞன் தகப்பனின் பங்கில் உழைப்பான், அவன் பெயரில் சீட்டு விழாது. சண்டைக்கு முன்னே நிற்கும் வயது எதுவோ, அந்த வயதுதான் கணக்குக்கு வெளியே இருந்தது.

மீறல்களை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்தது. தண்டம் கட்டச் சொல்வது, சில நாள் தொழிலுக்குப் போகாமல் நிறுத்திவைப்பது, மிஞ்சினால் ஊர்விலக்கு ஆகியன அதன் கருவிகள். சோழமண்டலக் கரையின் பஞ்சாயத்துகளைப் பற்றி மார்ட்டன் பாவிங்க் 2001இல் எழுதிய நூல் இவற்றின் ஆற்றலை உயர்வாகவே மதிப்பிடுகிறது. வேறு சிலர் பெண்களும் தலித்துகளும் இருளர்களும் அங்கே குரலற்றிருந்ததைச் சுட்டுகின்றனர். 2008இல் வெளியான சாரா கூல்தார்டின் ஆய்வு, பாட்டில் இடமில்லாத சாதியினர் ஏரியில் இறங்கியபோது எழுந்த பூசல்களை விவரிக்கிறது. பாடு அமைதியைக் காத்ததா, அமைதியைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கியதா என்பதில் இன்றும் இரு தரப்பு உண்டு.

ஏரியை நம்பியோரும் கூடினர்: 1969இல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானபின் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதி ஏரியின் தென்கரைக்கு வந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின்

மனநல மருத்துவம் அதுவரை பெரும்பாலும் நகரங்களோடு நின்றிருந்தது என்று சொன்னால் அதிகம் தவறில்லை. எம். சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பையும், லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்புக்கான சினேகாவையும் தொடங்கினர். நடுவணரசின் மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் 1997இல் திருச்சியில் தொடங்கியது. ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து (2001) 28 உயிர்களைக் கொண்டுபோன பிறகே அரசின் கவனம் கூடியது.

2004 டிசம்பர் 26க்குப் பின் நிலைமை மாறியது. பெங்களூரு நிம்ஹான்ஸ், 1999 ஒடிசா புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் பழகிய முறையைத் தமிழகக் கரைக்குக் கொண்டுவந்தது. மருத்துவர்கள் ஊர் ஊராகப் போக இயலாது. எனவே அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், சுயஉதவிக் குழுப் பெண்கள் முதலியோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனத்திலிருப்பதைக் கொட்டவிடுதல், ஒத்துணர்வு, காதுகொடுத்துக் கேட்டல், உற்றார் துணையைத் திரட்டுதல், கவனத்தை வேலையில் திருப்புதல், இளைப்பாறலும் விளையாட்டும், இறைநம்பிக்கை என ஏழு வழிகளை அவர்களுக்குச் சொல்லித் தந்தனர். கடைசியதைச் சேர்த்தது நல்ல புத்தி: கரையில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கூப்பிடு தொலைவில்தான் இருக்கின்றன.

2007இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழகக் கடலோர மீனவ ஊர் ஒன்றில் 12.7 விழுக்காட்டினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனச்சிக்கலைக் கண்டது. பெண்களிடமும் வருமானமற்ற வீடுகளிலும் அது மிகுந்திருந்தது. சென்னைப் பட்டினப்பாக்கத்தை அடுத்த சீனிவாசபுரத்தில் சினேகாவின் தன்னார்வலர்கள் உறவினரை இழந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துப் பேசினர். அத்தகைய உதவி கிடைக்காத பகுதியோடு ஒப்பிட்டபோது இவர்களது மனத்துயர் குறைந்திருந்தது. அந்தத் தன்னார்வலர்களில் எவரும் மருத்துவர் அல்லர்.

வன்முறையோடு இதற்குள்ள தொடர்பு குடி வழியாகவே வெளிப்பட்டது. அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003இல்தான் மதுவின் சில்லறை விற்பனையை எடுத்திருந்தது; அடுத்த ஆண்டிறுதியில் அலை. நிவாரணப் பணம் கைக்கு வந்ததும் ஆண்களின் குடியும் வீட்டில் அடிஉதையும் கூடியதாகப் பெண்கள் சொன்னதை அக்கால அறிக்கைகள் சில குறிப்பிடுகின்றன. கூடியது குடியா, அதைக் கவனித்தவர்களின் எண்ணிக்கையா என்று ஐயுறுவோரும் உண்டு. நிவாரணத்தைப் பங்கிட்ட ஊர்ப் பஞ்சாயத்தும், துயரம் கேட்ட பணியாளரும் ஒரே தெருவில் வேலை செய்தனர்; ஆனால் தலைக்கட்டுக் கணக்கில் நிவாரணம் போன ஊர்களில் மணமாகாத இளைஞன் முன்னவரின் பட்டியலிலும் இல்லை, விதவைகளையும் குழந்தைகளையும் முதலில் தேடிய பின்னவரின் பட்டியலிலும் முன்னணியில் இல்லை.

பிற்காலம்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 சுற்றுலாப் பயணிகள் இறந்தனர். அதன்பின் உல்லாசப் படகுகளுக்குத் தடை வந்தது. வார இறுதிகளில் படகோட்டிக் காசு பார்த்த இளைஞர்களின் பிழைப்பு அதோடு முறைகேடான தொழிலாயிற்று. முகத்துவாரம் மணலால் அடைபடுவதும், ஆந்திர மீனவரோடு எல்லைத் தகராறும் தொடர்ந்தன.

இளைஞர் வன்முறைக்கென்றே வடிவமைத்த இந்திய முயற்சிகளில் நன்கு ஆராயப்பட்டது பீகாரின் நாலந்தா மாவட்டப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்'. உள்ளூரிலிருந்து பயிற்சி பெற்ற ஆலோசகர் பள்ளியில் இருந்து நடத்தியபோது அடிதடியும் சீண்டலும் மனச்சோர்வும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்தியபோது பலன் தென்படவில்லை. கடலோரப் பள்ளிகளுக்கு இது பொருந்தக்கூடும்.

மாவட்ட மனநலத் திட்டம் இப்போது தமிழகத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்துள்ளது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது.